கால்நடையாக வந்தவர்கள்



திருப்பதியில் கூடியிருக்கும் இச்சபையார் என்னிடம் முதலில் கேட்டது, ஆழ்வார்கள் கண்ட திருவேங்கடத்தைப் பற்றிய உபந்நியாசம். இனிய விஷயந்தான், சம்மதித்தும் விட்டேன். ஆனால் அதற்குரிய குறிப்புகளை எழுத உட்கார்ந்தபோதெல்லாம், வெடித்தும் வீங்கியும் புழுதி படிந்தும் செருப்பின்றியும் இந்த ஊரின் சந்திகளில் வந்து நின்று, எதிர்ப்பக்கம் போக வழி தெரியாமல் தவிக்கும் யாத்திரிகர்களின் கால்களே என் கண்முன் வந்து நின்றன. ஆகவே சபையாரின் அனுமதியுடன் பொருளைக் கொஞ்சம் மலையிலிருந்து கீழே இறக்கிக்கொண்டேன். நம் நாற்சந்தியும், அதைக் கடக்கும் பாதசாரியும்: இதுவே இன்றைய பேச்சு. திருவேங்கடமுடையானின் சந்நிதியில் ஒரு படியாக ஆகிவிட வேண்டுமென்று ஆசைப்பட்டவர் குலசேகராழ்வார். இன்றும் அந்தக் கருவறை வாசற்படிக்குக் குலசேகரப் படி என்றுதான் பெயர். பக்தர்களின் காலடி தம்மேல் படுவதைப் பாக்கியமாக எண்ணிய அந்த மகானாவது, காலைப் பற்றிப் பேச வந்த என்னை மன்னிப்பார்.

தமிழில் 'கால்நடை' என்று ஒரு சொல் இருக்கிறது. 'கால்நடையாகவே காசிக்குப் போய் வந்தார்' என்று நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆடுமாடுகளுக்கும் அதே பெயர்தான். முதற்பொருள் மெல்ல மெல்ல மறைந்துபோய், இன்று அந்தச் சொல்லை மாட்டாஸ்பத்திரிப் பலகையில் மட்டுமே படிக்கிறோம். சொற்கள் பொருள் மாறுவது இயற்கை. அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் நம்முடைய சாலையைப் பாருங்கள். மாடு ஒன்று நடுச்சாலையில் நிதானமாக அசைபோட்டுக்கொண்டு நடந்தால் லாரி நிற்கிறது, பஸ் நிற்கிறது, காரில் இருப்பவர் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் உண்டு. அதே இடத்தில் மனிதன் ஒருவன் கால் வைத்தால் கிடைப்பது என்ன? ஹாரன்! ஒரே பெயரைப் பெற்றிருந்த இரண்டு கால்நடைகளில், ஒன்றுக்கு மட்டும் மரியாதை நிலைத்தது எப்படி?

இந்தக் கேள்வியை வேறெந்த ஊரில் கேட்டாலும் கேட்கலாம். ஆனால் திருப்பதியில் கேட்கும்போது அதற்குத் தனி வலி உண்டு. ஏனெனில் இது கால்கள் உண்டாக்கிய ஊர். இராமாநுஜர் கோவிந்தராஜப் பெருமாளைப் பிரதிஷ்டை செய்து, அக்கோயிலைச் சுற்றி வீதிகளை வகுத்தார் என்பது பரம்பரையாக வரும் செய்தி. அதையொட்டி 1130-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதியை இந்த நகரத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடும் வழக்கமும் அண்மையில் ஏற்பட்டிருக்கிறது. அந்த வீதிகள் யாருக்காக வகுக்கப்பட்டன? நடப்பவனுக்காக, நடந்து வந்து களைத்தவன் உட்காரத் திண்ணைக்காக, பெருமாளின் திருவீதி உலாவுக்குப் பின்னால் கூட்டமாக நடக்கும் ஜனங்களுக்காக. மலையடிவாரத்து அலிபிரி என்ற பெயரே 'அடிப்புளி' என்ற தமிழ்ச்சொல்லின் திரிபு என்பார்கள்; அடிவாரத்துப் புளியமரத்தின் நிழலிலே பெரிய திருமலை நம்பி இராமாநுஜருக்கு ஓராண்டு காலம் இராமாயணப் பொருளை உபதேசித்தார் என்பது வரலாறு. உபதேசம் செய்ய அவர் ஒவ்வொரு நாளும் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்தார். அதற்கும் மேலே, ஏறுவோரின் மூச்சை வாங்கும் செங்குத்தான ஒரு பகுதிக்கு நம் முன்னோர் வைத்த பெயர் 'முழங்கால் முறிச்சான்'. இராமாநுஜர் அவ்விடத்தை முழங்காலாலேயே ஏறினார் என்று சொல்லுகிறார்கள். கிருஷ்ணதேவராயர் ஏழு முறை இந்த மலைக்கு வந்தார். சக்கரவர்த்திகளுக்கும் சாமானியர்களுக்கும் மலை ஒன்றே, படி ஒன்றே. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி, சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த ஸர் ஆர்தர் ஹோப் முதல் மலைப்பாதையைத் திறந்து வைக்கும் வரையில், மோட்டார் என்பதே அந்த மலை அறியாத ஒன்று. எண்ணூறு ஆண்டுகள் கால் ஆண்ட ஊரில், சக்கரம் ஆளத் தொடங்கி எண்பது ஆண்டுகள்தாம் ஆகின்றன.

இந்த எண்பது ஆண்டுகளில் நடந்தது என்ன என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு சந்தியில், ஓர் அம்மாள் எனக்குக் கற்றுக்கொடுத்தார். போளூர்ப் பக்கம், எழுபதைத் தாண்டிய வயது, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பேரப்பிள்ளை ஒரு கையில், துணி மூட்டை மறு கையில். அலிபிரிப் படிகள் 3,550-ஐயும் ஏறி, தரிசனம் முடித்து, பஸ்ஸில் இறங்கி வந்தவர், எதிர்ப்பக்கத்துக்குப் போவதற்காகச் சாலை ஓரத்தில் நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தார். நான் அருகே போனதும் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். அந்தக் கை நடுங்கியது. "மேல ஏறசொல்ல ஒரு பயமும் இல்ல தம்பி, கோவிந்தா கோவிந்தான்னு ஏறிட்டேன். இந்த ரோட்டைத் தாண்ட எந்தச் சாமியக் கூப்பிடறதுன்னுதான் தெரியல" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அக்கரை சேர்த்துவிட்டுத் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்பர்களே, திருப்பதியின் சந்தியில் நிற்கும் பாதசாரி யார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே ஸ்ரீநிவாசம் என்ற யாத்திரிகர் விடுதி. ரயில் நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசம் என்ற மற்றொரு விடுதி. அங்கிருந்து லீலா மகால், நந்தி சர்க்கிள், கபில தீர்த்தம், அலிபிரி என்று மலையை நோக்கிச் செல்லும் வழி. இந்த வழியெல்லாம் நிறைந்திருப்பவன் உள்ளூர்க்காரன் அல்லன். அவன் இரவெல்லாம் பஸ்ஸில் தூங்காமல் வந்தவன். பலகை ஒரு மொழியில் இருக்க, அவன் வேறு மொழியில் படிக்கப் பழகியவன், அல்லது படிக்கவே பழகாதவன். தலையில் பெட்டி, இடுப்பில் குழந்தை, காலில் செருப்பில்லை, கண்ணோ மலைமேல். எந்தப் பக்கத்திலிருந்து எந்த வண்டி திரும்பும் என்ற சந்தியின் சூக்ஷ்மம் அவனுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவன் நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி. விருந்தாளி வழுக்கி விழுந்தால், 'உனக்குப் பார்த்து நடக்கத் தெரியாதா' என்றா கேட்போம்? முற்றத்துப் பாசியைத் தேய்த்துக் கழுவ மாட்டோமா?

ஆனால் சாலை விஷயத்தில் நாம் அப்படித்தான் கேட்கிறோம். 'ஜாக்கிரதையாகக் கடந்திருக்கலாமே' என்கிறோம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்றும், அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள் என்றும் மத்திய அரசின் போக்குவரத்து அமைச்சகமே கணக்குக் காட்டியிருக்கிறது. அந்தக் கணக்கை நாளால் வகுத்தால், நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர். காரிலே போனவர்கள் அல்லர், மோட்டார் சைக்கிளிலே பறந்தவர்கள் அல்லர், நடந்தவர்கள். நேற்று தொண்ணூறு பேர், இன்று தொண்ணூறு பேர். இத்தனை பேரும் அஜாக்கிரதைக்காரர்களா? ஒரு கிணற்றில் ஒருவன் விழுந்தால் அவன் கவனக்குறைவு என்று சொல்லலாம். நாள்தோறும் விழுந்துகொண்டே இருந்தால், கைப்பிடிச் சுவர் எங்கே என்றல்லவா கேட்க வேண்டும்?

கைப்பிடிச் சுவர் என்றேன். சாலைக்குக் கைப்பிடிச் சுவர் முதலாவதாக வேகத்தில் இருக்கிறது. இதற்கு நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம்முடைய மலைப்பாதையே சாட்சி. அலிபிரியிலிருந்து மேலே ஏறும் வண்டி இருபத்தெட்டு நிமிஷத்துக்கு முன்னால் போய்ச் சேரக் கூடாது, இறங்கும் வண்டி நாற்பது நிமிஷத்துக்கு முன்னால் வந்து சேரக் கூடாது, சேர்ந்தால் அபராதம். இறங்கும் பாதையின் நீளத்தையும் இந்த நேரத்தையும் வைத்துக் கணக்கிட்டால், மணிக்கு முப்பது கிலோமீட்டரைக்கூட எட்டாத வேகம். அந்த வேகத்தில்தான் எல்லோரும் இறங்குகிறார்கள். அதிகாரியும் இறங்குகிறார், கோடீசுவரரும் இறங்குகிறார். ஒருவர் மானமும் குறைந்துபோனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதே மனிதர், அதே காரில், சோதனைச் சாவடியைத் தாண்டி நகரத்துக்குள் நுழைந்த மறுகணமே, இறுகிய கயிற்றை அறுத்துக்கொண்ட குதிரையைப் போலப் பாய்கிறார். மலையில் பள்ளத்துக்கு அஞ்சுகிறார். சமவெளியில் யாருக்கு அஞ்சுவார்?

மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு பாதசாரியை மோதினால் ஏற்படும் மரண அபாயம், அந்த வேகம் அறுபத்தைந்து ஆகும்போது நாலரை மடங்காகப் பெருகுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. ஓட்டுபவருக்கு அந்தப் பதினைந்து கிலோமீட்டர், பெடலின் மீது ஒரு சிறு அழுத்தம்; எதிரே நிற்பவருக்கு அது உயிர். 2020-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரத்தில் பல நாடுகளின் மந்திரிகள் கூடி, நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு முப்பது கிலோமீட்டரே மேல் எல்லையாக இருக்க வேண்டும் என்று ஒரு பிரகடனம் செய்தார்கள். வடக்கே வெகுதூரம் போய்க் கண்டுபிடித்த அந்த முப்பதை, நம் மலைப்பாதை அதற்கு முன்பே கைக்கொண்டிருந்தது. மலையடிவாரத்தோடு அந்த ஞானம் ஏன் நின்றுவிட வேண்டும் என்பதே என் கேள்வி.

இனி, எல்லோரும் என்னிடம் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. 'ஐயா, மேம்பாலம் வந்துவிட்டதே!' என்கிறார்கள். உண்மைதான். 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி முழுமையாகத் திறக்கப்பட்ட ஸ்ரீநிவாச சேது, கபில தீர்த்தத்தின் பக்கம் தொடங்கி, லீலா மகால், பஸ் நிலையம், இராமாநுஜர் சர்க்கிள் என்று நகரத்தின் நெருக்கடியான சந்திகளின் தலைக்குமேலாக ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் தூரம் செல்லுகிறது. திருமலை தேவஸ்தானத்தின் பணமும் நகரத்தின் பணமும் சேர்ந்து கட்டிய பாலம். நல்ல காரியம், மலைக்குப் போகும் வெளியூர் வண்டிகள் ஊரைப் புழுதியாக்காமல் மேலேயே போய்விடுகின்றன. ஆனால் பாலத்தின்மேல் போகிறவன் யார்? வண்டிக்காரன். பாலத்தின்கீழ் நிற்கிறவன் யார்? நம் போளூர் அம்மாள். மேலே ஒரு சாலை புதிதாகக் கிடைத்தது என்றால், கீழே ஒரு சாலை பாதி விடுதலையாயிற்று என்றல்லவா பொருள்? அந்த விடுதலையான நிலம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? பாகப் பிரிவினையில் மாடி அண்ணனுக்கு, கூடம் தம்பிக்கு என்று எழுதிவிட்டு, கூடத்திலும் அண்ணனே சாமான்களை அடுக்கினால் தம்பி சும்மா இருப்பானா? கீழ்த்தளம் தம்பியின் பங்கு. அது காலுக்கு உரியது. நான் இன்று இந்தச் சபையில் வைக்கும் வழக்கு இது ஒன்றுதான். மற்றவையெல்லாம் இதற்கு வாதங்கள்.

பாலத்துத் தூண்கள் ஒருவகையில் அபாயம், மற்றொரு வகையில் உபகாரம். அபாயம் எப்படியென்றால், தூணின் பின்னாலிருந்து வெளிப்படும் மனிதனை ஓட்டுபவன் கடைசி விநாடி வரையில் காண்பதில்லை. குழந்தையென்றால் கேட்கவே வேண்டாம். உபகாரம் எப்படியென்றால், தூண்களுக்கு இடையில் உள்ள இடத்தைச் சற்றே உயர்த்தி, ஒழுங்குபடுத்தி, விளக்கும் வைத்துவிட்டால், அது நடுவழியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு திட்டாகும். முதியவர் ஒருவர் நாலு வரிசை வண்டிகளை ஒரே மூச்சில் கடக்க வேண்டியதில்லை. பாதியைக் கடந்து, திட்டில் நின்று, மறுபக்கம் பார்த்து, மீதியைக் கடக்கலாம். ஆற்றின் நடுவே ஒரு பாறை இருந்தால் நீந்துகிறவனுக்கு எவ்வளவு தைரியம்!

நேரக் கணக்கும் ஒன்று உண்டு. சிக்னல் அமைக்கும் எஞ்சினியர்கள், நடப்பவன் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று பொதுவாக வைத்துக்கொள்வது வழக்கம். சாலையின் அகலம் இருபத்து நான்கு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இருபது விநாடி போதும் என்று கணக்கு முடிந்துவிடும். கல்லூரி மாணவனுக்குச் சரி. மூவாயிரத்து ஐந்நூறு படி ஏறிய காலுக்கு? மூட்டைக்கும் பேரனுக்கும் இடையே நடக்கும் நடைக்கு? விநாடிக்கு 0.8 மீட்டர் என்றால் முப்பது விநாடி ஆகும். அந்தப் பத்து விநாடி வித்தியாசத்தில் அந்த அம்மாள் எங்கே இருப்பார்? சாலையின் கடைசி மூன்றிலொரு பங்கில், எட்டு மீட்டருக்கு இப்பால், பச்சை விழுந்து உறுமும் வண்டிகளுக்கு முன்னால்! பந்தியில் கடைசிப் பிள்ளை சாப்பிட்டு முடிக்கும் வரையில் இலையை எடுக்கக் கூடாது என்பது நம் வீட்டு ஒழுங்கு. கல்யாண வீட்டில் தெரிந்த அந்த மரியாதை சந்தியில் ஏன் மறந்துபோக வேண்டும்?

அப்புறம் இந்த 'ஃப்ரீ லெஃப்ட்'. இடதுபுறம் திரும்பும் வண்டிக்குச் சிவப்பு விளக்கு கிடையாது; அது எப்பொழுதும் போய்க்கொண்டே இருக்கலாம் என்று பல சந்திகளில் வைத்துவிட்டோம். வண்டிக்கு 'ஃப்ரீ' ஆனது எவனுடைய சொத்து? எல்லா விளக்கும் சிவப்பாக இருக்கும்போதும், நடைபாதையிலிருந்து இறங்குகிறவன் இந்த ஓயாத இடதுபுற ஓட்டத்தில் மாட்டிக்கொள்ளுகிறான். சந்தியின் மூலைகளையும் அகலமான வளைவாகச் செதுக்கி வைத்திருக்கிறோம், வண்டிகள் வேகம் குறையாமல் திரும்புவதற்காக. அந்த வளைவைச் சுருக்கி மூலையைக் கூர்மையாக்குங்கள். எந்த வீரனும் தானாகவே பிரேக்கில் கால் வைப்பான். வெள்ளைக் கோடுகளைத் தரையில் தீட்டுவதோடு விடாமல், அந்தக் கடக்கும் இடத்தையே நடைபாதையின் மட்டத்துக்கு, ஒரு சாண் அளவுக்கு, மேடையாக உயர்த்துங்கள். மனிதன் சாலைக்கு இறங்குவதற்குப் பதிலாக, வண்டி மனிதனின் தளத்துக்கு ஏறி இறங்கும். ஷேர் ஆட்டோக்களைச் சந்தியின் வாயிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். இவற்றில் எதற்கும் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. வெள்ளைக் கோடுகள் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். 1951-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் இங்கிலாந்தின் ஸ்லௌ என்ற ஊரில் முதல் ஜீப்ரா கிராஸிங் தீட்டப்பட்டது. அங்கே அந்தக் கோட்டுக்குப் பின்னால் சட்டம் நின்றது. கோட்டில் மனிதன் கால் வைத்தால் வண்டி நின்றாக வேண்டும். இங்கே சட்டப் புத்தகத்தில் அந்த விதி இருக்கிறது. கோட்டின்மேல் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

நடைமேம்பாலம் கட்டிவிடலாமே என்பார் சிலர். சென்னை மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023-ஆம் ஆண்டு மே மாதம் திறந்தார்களே, 570 மீட்டர் நீளத்தில் ஓர் ஆகாய நடைமேடை, அதை நானும் போய் நடந்து பார்த்தேன். ரயிலடியிலிருந்து பஸ்ஸடிக்கு நேரே கொண்டுபோய்விடும் அத்தகைய அமைப்பு, அந்த நெரிசலுக்குப் பொருத்தமானது. மின்தூக்கியும் நகரும் படியும் உண்டு. ஆனால் ஒரு சாதாரணச் சந்தியில், சாலையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக ஒரு மாடி ஏறி ஒரு மாடி இறங்கு என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலையில் படியேறுவது வேண்டுதல். சந்தியில் படியேறுவது தண்டனை. எஞ்சின் வைத்திருப்பவன் சமதளத்தில் போவானாம்; முழங்கால் மட்டும் வைத்திருப்பவள் மேலே ஏறி இறங்குவாளாம். இதைவிட விசித்திரமான நியாயம் அல்லிராஜ்யத்திலும் இருந்திராது. கட்டி வைத்தாலும் ஜனங்கள் ஏறுவதில்லை. ஏறாமல் கீழே கடந்தால், அவர்களைத்தான் மறுபடியும் குறை சொல்லுவோம்.

காலின் மொழி அறிந்தவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. திருமலையில் மாட வீதிகளைக் கோடையில் பாருங்கள். செருப்பில்லாமல் நடக்கும் பக்தர்களின் பாதம் பொறுக்க வேண்டுமே என்று, தரையில் வெள்ளை நிறக் குளிர்ச்சிப் பூச்சு பூசியிருக்கிறார்கள், தண்ணீரும் தெளிக்கிறார்கள். எவ்வளவு நுட்பமான கருணை! அதே பக்தன், அதே செருப்பில்லாத காலுடன், சித்திரை மாத நடுப்பகலில் கீழ்த் திருப்பதியின் தாரில் நிற்கிறான். சூடு தாங்காமல் ஒரு காலை மாற்றி ஒரு காலாக நின்று பார்க்கிறான். பொறுக்க முடியாத கணத்தில் ஓடுகிறான். அவன் ஓடியதை அவசரம் என்று எழுதிக்கொள்ளுகிறோம். கடக்கும் இடத்தில் ஒரு நிழற்கூரையும் அந்த வெள்ளைப் பூச்சும் இருந்தால் அவன் ஓடியிருக்க மாட்டான். நடப்பவர்களைக் காக்கவும் நமக்குத் தெரியாமல் இல்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அலிபிரிப் படிவழியில் சிறுத்தை ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டது. அந்தக் கொடுமைக்குப் பிறகு நடப்பவர்கள் கையிலே தடி கொடுத்தார்கள், கூட்டமாகப் போகச் சொன்னார்கள், குழந்தைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைத்தார்கள். செய்ய வேண்டியதுதான். ஒரு சிறுத்தைக்கு இத்தனை ஏற்பாடு செய்யத் தெரிந்த நமக்கு, தினமும் ஆயிரக்கணக்கில் உறுமிக்கொண்டு வருபவற்றுக்கு ஏற்பாடு செய்யவா தெரியாது? 2025-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதி இரவு, வைகுண்ட துவார தரிசனத்துக்கு டோக்கன் வாங்கக் கூடிய நெரிசலில் இந்த ஊரில் ஆறு உயிர்கள் போனதை நீங்கள் அறிவீர்கள். அது வண்டி மோதிய விபத்தன்று. அதைப் பற்றி விரிவாகப் பேச என் மனம் இடங்கொடுக்கவில்லை. நடந்து வருகிறவர்களுக்கு நிற்க இடம் வேண்டும் என்பதை மட்டும் அந்த இரவு என் நெஞ்சில் எழுதிவிட்டுப் போயிற்று.

நடைபாதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் எலும்புமுறிவு வைத்தியத்தில் பெயர் பெற்ற டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலையில் முறிந்து வரும் எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்துச் சலித்துப்போய், 2012-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2025-ஆம் ஆண்டு மே மாதம் நீதிபதிகள், தடையற்ற நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் இருபத்தொன்றாம் பிரிவு அளிக்கும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்றார்கள். பூ விற்கும் அம்மாளையும் பொரி விற்கும் கிழவரையும் விரட்டிவிட்டால் அந்த உரிமை வந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களுக்கும் இடம் அளந்து கொடுக்க வேண்டும். அதற்கும் 2014-ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. நடைபாதையை அடைப்பவர்களில் பூக்கூடைக்காரி கடைசி ஆள்; முதல் ஆள், நிறுத்தி வைத்த கார்.

நம் சித்தூரிலும் கதை வேறன்று. கர்நூலிலிருந்து ராணிப்பேட்டை போகும் நாற்பதாம் எண் தேசிய நெடுஞ்சாலை அந்த ஊரைத் தொட்டுச் செல்லுகிறது. ஊருக்குள்ளே காந்தி சிலைச் சந்தி. 1930-ஆம் ஆண்டு இருபத்து நான்கு நாளில் தண்டிக்கு ஏறக்குறைய 385 கிலோமீட்டர் நடந்த அந்த மனிதர், ஊர் ஊராகச் சிலையாகிச் சந்திகளில் நிற்கிறார். நல்லவேளை, இறங்கிக் கடக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை!

சந்தி என்றால் நம் முன்னோருக்கு என்ன நினைவு வரும்? முச்சந்தி என்றால் பிள்ளையார். நாற்சந்தி என்றால் பூதம். காவிரிப்பூம்பட்டினத்தின் சதுக்கத்தில் ஒரு பூதம் காவல் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லுகிறது. பொய்ச் சாட்சி சொல்பவனையும் புறங்கூறுபவனையும் அது பாசத்தால் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். தர்மத்தின் காவல் நிலையம் நாற்சந்தியிலேதான் இருக்க வேண்டும் என்று எண்ணிய ஜாதி நம்முடையது. இன்றைக்கு அந்தப் பூதத்தின் இடத்தில் கேமரா இருக்கிறது. பூதத்துக்கு இருந்த பசி அதற்கு இல்லை. பயத்தால் ஆகாத காரியத்தைச் சிரிப்பால் சாதித்த ஓர் ஊரும் உண்டு. தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்தின் தலைநகரம் பொகோட்டா. அங்கே 1995-ஆம் ஆண்டில் மேயரானவர் அன்டானஸ் மோக்கஸ் என்ற தத்துவ ஆசிரியர். முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய ஊமைக்கூத்து நடிகர்களைச் சந்திகளில் அவர் நிறுத்தினார். வெள்ளைக் கோட்டின்மேல் வண்டியை நிறுத்துகிறவனுக்கு எதிரே நின்று, அவன் செய்கையை அவனுக்கே அபிநயித்துக் காட்டுவதுதான் அவர்கள் வேலை. அபராதச் சீட்டு இல்லை. ஊரே பார்த்துச் சிரித்தது. 'சந்தி சிரிக்கும்' என்று நாம் வாயளவில் சொல்லுவதை, அவர் உண்மையிலேயே செய்து காட்டிவிட்டார். தெருக்கூத்தும் அதில் கேலி பேசும் கட்டியங்காரனும் பிறந்த தொண்டை மண்டலத்துக்காரர்களான நமக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டுமா? மூலையைச் சுருக்குவதும் மேடையை உயர்த்துவதும் சர்க்கார் செய்ய வேண்டிய வேலை. கட்டியங்காரனை அனுப்புவது நம் வேலை.

அன்பர்களே, நேரமாகிறது, கடைசிப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் மணியைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. மனு எழுதுவதற்கு முன் அளவெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். சாலை எத்தனை மீட்டர், விளக்கு எத்தனை விநாடி, இருபது வயது நடை எத்தனை, எழுபது வயது நடை எத்தனை, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் பாதியில் திரும்பி ஓடுகிறார்கள்: இவற்றை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டால், கமிஷனரிடமும் எஞ்சினியரிடமும் நாம் பேசும் பேச்சே வேறாக இருக்கும். வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, லீலா மகால் சந்தியில், பாலத்துத் தூணின் நிழலில் நான் நிற்பேன். அளவு நாடாவும் சுண்ணாம்புக் கட்டியும் ஒரு பழைய கைக்கடிகாரமும் கொண்டுவருகிறேன். விருப்பமுள்ளவர்கள் வாருங்கள், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள், அவர்கள் நடைதான் நமக்கு வேண்டிய அளவுகோல். செருப்பில்லாமல் வருபவர்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிடுவது நல்லது.